சிரித்தால் படம் எடுக்கும் பெட்டி

"சிரிச்சா தானாவே படம் எடுக்கும், பட்டனே வேண்டாம்னு விண்ணப்பத்துல எழுதியிருக்கீங்க. எங்கே, எடுக்கச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் கண்டுபிடிப்புப் போட்டி நடுவர்.

சொங்பில் தலையைக் குனிந்துகொண்டான்.

"அது சரியா வேலை செய்யலைங்க. அந்த வசதியையே எடுத்துட்டேன்."

"அப்ப இது?"

"இந்தப் பச்சை பட்டனை அமுக்கினா, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு எண்ணி நாலு படம் எடுக்கும். உடனே அச்சாகி வந்துடும்."

"இதைத்தான் இக்சான் ரயில் ஸ்டேஷன் வாசல்லயே நாலு கடையில வச்சிருக்கானே!"

அரங்கமே சிரித்தது. நடுவர் தாளில் ஏதோ கிறுக்கிவிட்டு மேடையில் இருந்த அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மிர்யோங்குக்குக் காதெல்லாம் சுட்டது. பக்கத்திலிருந்த நாத்தனார் சும்மா இருப்பாளா?

"என்னடி இது? என் தம்பி பெரிய விஞ்ஞானின்னு சர்ச்சுல ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது?"

"வேலை செஞ்சுது அண்ணி. நீங்களே பார்த்தீங்களே!"

ஆமாம், எல்லோரும்தான் பார்த்தார்கள். சொங்பில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். இரண்டு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல், பால்கனியில் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பெட்டியைச் செய்தான். யாரோ வேண்டாமென்று தெருவில் வைத்த பீரோதான் உடம்பு. கேமராவும் பிரிண்டரும் பழசு. அதற்கான புரோகிராமைத் தானே படித்துத் தானே எழுதினான்.

போன நவம்பரில் கிம்ச்சி போட வந்த சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் மிளகாய் விழுதில் சிவந்த கையுறையோடு அதன் முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். பத்துப் பேர் சிரித்தும் பெட்டி அசையவில்லை. உம்மென்று நின்ற பெரியப்பா கடைசியில் வாயைத் திறந்ததும், க்ளிக்! வீடே கைதட்டியது. அன்றைக்கு மிர்யோங்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்படிப்பட்டதை எடுத்துவிட்டானாம். வேலை செய்யவில்லையாம்.

முதல் பரிசு, நாய்க்கு நேரத்துக்குச் சோறு போடும் டப்பாவுக்குப் போனது. சொங்பில்லுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. அவனோ எல்லோரையும்விட பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

பரிசளிப்பு முடிந்ததும் மிர்யோங் நேரே அவனிடம் போனாள்.

"ஏங்க, எதுக்கு அப்படி ஒரு பொய் சொன்னீங்க?"

"பொய் இல்லை மிர்யோங்."

"என் கண்ணால பார்த்தேன்! மேடை ஏறினதும் பயம் வந்துடுச்சா? அதை மட்டும் காட்டியிருந்தா முதல் பரிசு நம்மளோடதுதான். அந்த நாய் டப்பா கிட்ட நிக்க முடியுமா?"

"நல்ல டப்பாதான் அது" என்று சொல்லிக்கொண்டே பிரிண்டருக்குள் தாள் வைத்தான். "ஜனங்க படம் எடுத்துக்க நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளிக்கோ."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமை அவளுடையதும்தானே?

வரிசையில் முதலில் நின்றது ஐம்பது தாண்டிய ஒரு தம்பதி. அந்த மனிதர் கைத்தடி ஊன்றியிருந்தார். சொங்பில்லைப் பார்த்ததும் லேசாகத் தலை வணங்கினார். சொங்பில் இடுப்பு வரை வளைந்து வணங்கி, பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த திரையை விலக்கிப் பிடித்தான்.

உள்ளே அஞ்சு எண்ணும் சத்தம் கேட்டது. நாலு தடவை.

வெளியே வந்த அந்த அம்மாள், அச்சான படத்தை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே மிர்யோங்கிடம் கேட்டாள்.

"நீங்க அவர் சம்சாரமா?"

"ஆமாங்க."

"மேடையில அவரை அப்படிக் கேள்வி கேட்டப்ப எங்களுக்குத்தான் உயிரே போச்சு. காரணத்தைச் சொல்லிடுவாரோன்னு பயந்துட்டே உட்கார்ந்திருந்தோம். சொல்லவே இல்லையே மனுஷன்."

"என்ன காரணம்?"

"உங்ககிட்டயும் சொல்லலையா?" அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் எங்க தெரு லாண்டரிக் கடையில ஒரு வாரம் இதை வெள்ளோட்டம் விட்டாரே, அப்ப வந்தோம். எங்க கல்யாணத்துக்கு அன்னிக்கு முப்பதாவது வருஷம். இவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கிடந்துட்டு, முதல் தடவையா வெளிய வந்தது அன்னிக்குத்தான். உள்ள போய் உட்கார்ந்தோம். மெஷின் எடுக்க மாட்டேங்குது. 'இன்னும் கொஞ்சம் சிரிங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க'ன்னு ஒன்பது தடவை சொல்லுச்சு. இவர் சிரிச்சுட்டுதாம்மா இருந்தாரு."

மிர்யோங் அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். நாலு கட்டத்திலும் அந்த மனிதரின் வலது கன்னம் மட்டும் மேலே ஏறியிருந்தது. இடது பக்கம் அசையாமல் அப்படியே இருந்தது.

"இவர் எழுந்து வெளிய வந்து, 'என்னால ஆகாது, போலாம் வா'ன்னுட்டாரு. உங்க வீட்டுக்காரர் ஓடி வந்து இவர் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'ஐயா, உங்க சிரிப்புல ஒரு குறையும் இல்லை. சிரிப்புன்னா என்னன்னு என் மெஷினுக்குத்தான் தெரியலை'ன்னு சொல்லிட்டு, எங்க கண்ணு முன்னாலயே உட்கார்ந்து அந்தச் சிரிப்பு புரோகிராமை மொத்தமா அழிச்சார்."

மிர்யோங் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றாள். வரிசையில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"வாங்க, எல்லாரும் வாங்க! இது என் வீட்டுக்காரர் செஞ்சது!"