புழுக்கடை

"புழுக்கடை! புழுக்கடை அந்தப் பக்கம்! பயந்தாங்கொள்ளிங்க யாரும் போகாதீங்க!"

நாற்காலி மேல் ஏறி நின்று ஹொனோகா போட்ட சத்தத்தில் ஒகாபே டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று ஒன்றாம் வகுப்பின் இலையுதிர் விழா. பூங்காவில் பொறுக்கிய இலையிலும் ஓக் மரத்துக் கொட்டையிலும் பம்பரம், கிலுகிலுப்பை என்று பொம்மைகள் செய்து, பிள்ளைகள் கடை போட்டிருந்தார்கள். பக்கத்துப் பாலர் பள்ளிக் குட்டிகள்தான் வாடிக்கையாளர்கள். ஒரு மஞ்சள் இலையைக் கொடுத்தால் ஒரு பொம்மை.

எல்லாக் கடையிலும் கூட்டம். ஜன்னலோரக் கடையில் மட்டும் ஈ, காக்கை இல்லை. அது நாகிசாவின் கடை.

நாகிசா செப்டம்பரில் தெற்குத் தீவிலிருந்து இந்த மலையூருக்கு வந்தவள். ஒகாபே டீச்சர் நல்ல மனசுக்காரர். முதல் நாளே அவளைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, தோளில் கை வைத்துச் சொன்னார்.

"நாகிசா ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கா. இங்கே ஒருத்தரையும் தெரியாது, பாவம். எல்லாரும் அவகூட விளையாடணும். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்று மொத்த வகுப்பும் ராகம் போட்டது.

அதோடு சரி. இடைவேளையில் நாகிசா தனியாகத்தான் நின்றாள். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மற்றவர்கள் பேசுவதையே பார்ப்பாள். ஏதோ சொல்ல வாய் திறப்பாள், மூடிக்கொள்வாள்.

இந்த விழாவைத்தான் அவள் நம்பியிருந்தாள். காலையில் அவளுடைய பம்பரப் பெட்டியைத் தூக்கி வந்த அவள் அம்மா வாசலில் சொன்னார்: "'இன்னிக்கு வர்ற குட்டிங்களுக்கு என்னை யாருன்னே தெரியாதும்மா'ன்னு ஒரே சந்தோஷம் டீச்சர். என்ன சந்தோஷமோ, எனக்குப் புரியலை."

டீச்சருக்கும் புரியவில்லை. சிரித்துவைத்தார்.

ஓக் கொட்டையைப் பொறுக்கி வந்ததும், உள்ளே இருக்கும் புழு சாக வெந்நீரில் ஒரு கொதி விட வேண்டும். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் தெற்கிலிருந்து வந்தவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்தால், பம்பரங்களுக்கு நடுவே கொழுத்த வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"ஐயய்யே, புழு!" வகுப்பே நாலடி பின்வாங்கியது.

"கடையை எடுத்து வெச்சுடலாமா, கண்ணு? ஹொனோகா கடையில நீயும் சேர்ந்துக்கோ" என்றார் டீச்சர்.

நாகிசா தலையை ஆட்டி மறுத்தாள். புழுக்களை ஒரு டப்பா மூடியில் எடுத்து ஓரமாக வைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தாலாவது தேற்றியிருக்கலாம்.

குட்டிகள் வந்தார்கள். மூடியில் நெளிவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, வேறு கடைக்கு ஓடினார்கள்.

அப்போதுதான் ஹொனோகாவின் அந்தக் கூச்சல். வகுப்பிலேயே பெரிய வாயாடி அவள். அவளுடைய கிலுகிலுப்பைக் கடைக்குத்தான் நீள வரிசை. மேசை மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"இங்கே எல்லாம் தீர்ந்துபோச்சு, கிளம்புங்க! அங்கே நிஜப் புழு இருக்கு! தைரியம் இருந்தா தொட்டுப் பாருங்க!"

டீச்சர் விறுவிறுவென்று வந்து துணியைத் தூக்கினார். கூடை நிறையக் கிலுகிலுப்பைகள்.

"தீர்ந்துபோச்சுன்னே?"

ஹொனோகாவின் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"பொய் வேற, கேலி வேற. எல்லார் முன்னாலேயும் அவ கடையைப் புழுக்கடைங்கிறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"புழு இருக்கே, டீச்சர்."

"எதிர்த்துப் பேசாதே! வா, அவகிட்ட மன்னிப்புக் கேளு."

"இப்ப வேண்டாம் டீச்சர். இப்பப் போனா எல்லாம் கெட்டுடும்."

"என்ன கெட்டுடும்?"

ஹொனோகா கதவில் காதை வைத்துக் கேட்டாள். டீச்சர் கோபத்தோடு கதவை இழுத்துத் திறந்தார்.

ஜன்னலோரம் முழுக்கக் குட்டித் தலைகள். மேசையில் இரண்டு பென்சில்களுக்கு நடுவே புழுக்களுக்கு ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. "குண்டன் முந்துறான்! குண்டன் முந்துறான்!" என்று ஒரே கும்மாளம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே தங்கள் கடைகளை அப்படியே போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

நடுவில் ஒரு குரல். இந்த வகுப்பில் டீச்சர் இதுவரை கேட்டிராத கணீர்க் குரல்.

"தள்ளாதீங்க! வரிசையா வாங்க, புழு நசுங்கிடும்! ஜெயிக்கிற புழுவைச் சரியா சொல்றவங்களுக்கு ரெண்டு பம்பரம்!"

டீச்சர் ஹொனோகாவின் உயரத்துக்குக் குனிந்தார்.

"இதுக்காகத்தான் உன் கடையை மூடினியா, தங்கம்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானே எல்லாரையும் அவ கடைக்கு அனுப்பியிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லலை" என்றாள் ஹொனோகா. "அவ வந்த அன்னிக்கே நான் அவளை ஊஞ்சலாடக் கூப்பிட்டேன். 'டீச்சர் சொன்னாங்கன்னுதானே கூப்பிடறே'ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. அன்னிலேருந்து யார் கூப்பிட்டாலும் அவ வர்றதில்லை, டீச்சர்."