யார் கொண்டுவந்த மரம்

எங்கள் வீட்டின் பின்னால் பெயர் தெரியாத மரம் ஒன்று திடீரென்று மஞ்சளாகப் பூத்தது. அதைச் சுற்றியிருந்த மிளகுக் கொடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. ஒரு கிளையைச் செய்தித்தாளில் சுற்றி நான் படிக்கும் தாவரவியல் மாலை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அது வெளியிலிருந்து வந்த மரம் என்ற என் கணிப்பில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் ஆசிரியரையும் பார்க்கச் சொன்னேன்.

"வெளிநாட்டு மரம்தாம்மா. காய் வெடிச்சா மலை முழுக்கப் பரவிரும். வேரோட எடுத்துருங்க" என்றார்.

அப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெருமாயி பெரியம்மா மேல் சந்தேகம். "அங்கிருந்துதான் விதை வந்திருக்கும். போய்க் கேட்டுட்டு வா கண்ணு."

போனேன். பெரியம்மா வீட்டு வாசலிலேயே அதே மரம், முள்வேலிக்குள் பத்திரமாக நின்றது.

"ஏனுங்க பெரிம்மா, இது எங்கிருந்து வந்துச்சு?"

"நல்லாக் கேட்டே போ. உங்கண்ணன் கல்யாணத்துல தேங்காய்க்குப் பதிலா தாம்பூலப் பையில மரக்கன்னு போட்டுக் குடுத்தது நீதானே சாமி? மலைக்கு நல்லதுன்னு மைக்குல வேற பேசினே."

நாலு வருடத்துக்கு முன்னால் அவை சாண் உயரக் கன்றுகள். மீந்தவற்றை வீட்டின் பின்னால்தான் போட்டோம்.

"பெரிம்மா, அது வந்து..."

"குண்டனி நாட்டுல எந்தங்கச்சி ஊட்டுலயும் பூத்திருக்குது. திருப்புலி நாட்டுக்காரங்க ஆளுக்கு ரெண்டு வாங்கிட்டுப் போனாங்களே, அங்கயும் இருக்கும்."

எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; கல்யாணத்துக்கு எத்தனை நாட்டுக்காரர்கள் வந்தார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பெரியம்மா உள்ளே போய் ஒரு துணிமூட்டையோடு வந்தார்.

"உன் கல்யாணத்துக்குக் கன்னு வாங்க வேண்டாம் கண்ணு. விதையெல்லாம் பொறுக்கி வெச்சிருக்கறேன்."