போஸ் கொடுத்த கருஞ்சிறுத்தை

"மஞ்சூர்ப் பாறை மேல கருஞ்சிறுத்தை எனக்கு முக்கால் மணி நேரம் போஸ் குடுத்துச்சுங்க. நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, கொட்டாவி விட்டு ஒண்ணு! கெளம்பறப்ப 'வரட்டுங்களா'ன்னு தலையை ஆட்டிட்டுத்தான் போச்சு!"

மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டு உட்கார்ந்தார் பொன்ராஜ். மஞ்சூரில் தேயிலை ஃபேக்டரி முதலாளி. குன்னூர்ப் புகைப்படச் சங்கத்தின் தலைவர்.

அவ்வளவுதான். சங்கம் சிரித்த சிரிப்பு பக்கத்து வெலிங்டன் பட்டாளத்தின் காதில் விழுந்திருந்தால், எதிரி மலையேறி வந்துவிட்டான் என்று துப்பாக்கியைத் தூக்கியிருப்பார்கள்.

"போட்டோ எங்கீங்க?" என்றார் சிவகுரு.

மசினகுடியில் ரிசார்ட் நடத்தும் தடித்த மனிதர். பொன்ராஜ் எந்தக் கேமராவை வாங்கினாலும் மறு வாரமே அதையே வாங்கிவிடுவார். கல்யாணப் பந்தியில்கூட அது அவர் தோளை விட்டு இறங்காது. இன்றைக்கு மட்டும் தோள் காலி. "சர்வீசுக்குப் போயிருக்குங்க" என்று, கேட்காதவர்களிடமும் சொல்லி முடித்திருந்தார்.

பொன்ராஜ் கேமராப் பையைத் திறந்து காட்டினார். "எத்தனை தடவைங்க சொல்றது? புதுக் கேமராவுக்கு மெமரி கார்டும் புது மாதிரியாமா! பை நிறையப் பழைய கார்டு, ஒண்ணும் உள்ள போகல. திருப்பிப் போட்டேன், ஊதிப் போட்டேன், முருகனைக் கும்பிட்டுப் போட்டேன். அது பாறை மேல மீசையை நக்குது, நான் கார் வாங்கற காசுக்கு வாங்குன கேமராவைக் கையில வெச்சுக்கிட்டு மரமா நிக்கறேன்!"

"போன் இருக்குமில்லீங்க?" என்றாள் செயலாளர் மாலதி.

"போன்ல எடுக்கறவன் போட்டோகிராபரே இல்லைன்னு தீர்மானம் போட்டது யாரு? இதே சிவகுருதானுங்க! அதனால வண்டியிலயே வெச்சுட்டுப் போனேன்."

"அது யாரு ஊட்டுப் பூனையோ!" என்று பல் தெரியச் சிரித்தார் சிவகுரு. "தலைவரே புளுகுனா, தலைவரை மாத்திடறதுதானுங்க சங்கத்துக்கு நல்லது. மாத்தலாம்கறவங்க கையைத் தூக்குங்க."

ஒவ்வொரு கையாக ஏறியது. பொன்ராஜுக்கு அந்தக் கேமராவைச் சுவரில் அடித்து உடைக்கலாமா என்றிருந்தது. வீட்டில் பெண்டாட்டி நம்பவில்லை, டிரைவர் நம்பவில்லை. இப்போது நாற்காலியும் போகிறது.

"ஒரு நிமிசம்" என்றாள் மாலதி. "அத்தனை நேரம் இருந்த சிறுத்தை ஏனுங்க கெளம்புச்சு? நெசமாவே தலையாட்டிட்டா போச்சு?"

பொன்ராஜ் தயங்கினார். "தலையெல்லாம் ஆட்டலீங்க. ஆனா நடந்ததைச் சொன்னா இன்னும் நம்ப மாட்டீங்க."

"சொல்லுங்க."

"மூடுபனிக்குள்ள இருந்து ஒரு கரடி வந்துச்சு. நல்லா கொழுத்த கரடி. சிறுத்தையைப் பார்த்ததும் 'வீல்'னு ஒரு அலறல்! அந்த அலறலுக்குச் சிறுத்தையே மிரண்டு ஓடிருச்சு. கரடி குப்புற விழுந்து, தேயிலைச் செடிக்கு நடுவுல மாட்டி, பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி உருவிக்கிட்டு ஓடுச்சு பாருங்க, என் ஜென்மத்துல அப்படியொரு ஓட்டத்தைப் பார்த்ததில்ல!"

சங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

மாலதி மட்டும் போனை எடுத்தாள். "சிறுத்தை பொய்யாவே இருக்கட்டுங்க. கரடி நம்ம பக்கம் தெனமும் வர்றதுதான். காலையில பொண்ணுக அங்க கொழுந்து பறிக்கப் போவாங்க. ஃபாரஸ்ட் ரேஞ்சருக்குச் சொல்லிடறேன். கூண்டு வெச்சாங்கன்னா, கரடி சிக்கற வரைக்கும் அந்தப் பாறைப் பக்கம் ஒருத்தரையும் விட மாட்டாங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. சிவகுரு ஜன்னலைப் பார்த்தார். காலித் தோளைத் தடவினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

"போனை வைங்கம்மா!" என்று துள்ளி எழுந்தார். "சிறுத்தை வந்தது நெசந்தான். என் கேமரா அந்தச் செடிக்குள்ளதான் நனைஞ்சுட்டுக் கெடக்குது!"

"அப்ப அந்தக் கரடி?" என்றாள் மாலதி.

"நான்தானுங்க."