வெள்ளிக்கிழமைச் சண்டை

ஜெனிட்டாவின் மணிக்கட்டில் இருக்கும் பட்டை வலியை எப்போதும் எண்ணாகக் காட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த எண் ஏழைத் தாண்டியிருந்தால்தான் சுவரில் இருக்கும் டப்பா அடுத்த வாரத்துக்குப் பதினான்கு மாத்திரை தரும். போன வெள்ளியன்று அவள் கணவன் பெலிக்ஸ் மக்ரூன் இனிப்பு வாங்கி வந்தான். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் எண் நான்குக்கு இறங்கி, ஏழு மாத்திரைதான் வந்தது. வாரம் முழுக்க அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்தாள்.

அதனால் இன்று சண்டை போடுவதென்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

"சோறு கஞ்சியா குழைஞ்சு கிடக்கு," என்று ஆரம்பித்தான் பெலிக்ஸ்.

"அப்ப உங்க அம்மா வீட்டுல போய்ச் சாப்பிடுங்க," என்றாள். சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண் ஐந்து. ஆறு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம்தான் இருந்தது.

பெலிக்ஸ் சிரிப்பை நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பத்து வருஷமா உனக்குத் தைலம் தேய்ச்சே என் காலம் போச்சு. கப்பல் வேலை வந்தப்பவே நான் போயிருக்கணும்."

எண் ஒன்பது. ஆறு மணி ஆனதும் டப்பா திறந்து பதினான்கு மாத்திரைகளைத் தள்ளியது.

"நடிப்புதான் ஜெனி," என்று தண்ணீரை நீட்டினான்.

"தெரியும்," என்று வாங்கி மாத்திரையை விழுங்கினாள்.

அரை மணி நேரத்தில் இடுப்பு வலி அடங்கிவிட்டது. சுவரைப் பிடிக்காமல் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். பட்டையில் எண் மட்டும் ஒன்பதிலேயே நின்றது.