பனியனுக்கு மட்டும் சொன்ன சொல்

"ரிஜக்ட்."

வெள்ளைக்கார மேடம் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

ஐயாயிரம் பனியன்.

பனியன்களைச் சோதித்து அனுப்பும் செக்கிங் மேசைக்காரி கையிலிருந்ததை அப்படியே கீழே வைத்தாள். கழுத்து அகலம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாம். அத்தனையையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டுமாம். நாளைக்குத் தீபாவளிக்கு ஊர் போக நாற்பது பெண்கள் பையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். போச்சு, எல்லாம் போச்சு.

"யெஸ் மேடம், யெஸ் மேடம்." மேனேஜர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மேசையில் கிடந்த அளவு அட்டையைப் பார்த்தாள். பனியன் லார்ஜ். மேடத்தின் பேனா நின்றதோ மீடியம் வரிசையில்.

அட கடவுளே!

சைஸ் பெயர்களை விட்டால் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல். ராங். அர்த்தத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கே சொல்வது என்பதை இந்தச் செக்கிங் மேசைதான் சொல்லிக்கொடுத்தது. ஓட்டை இருந்தால் ராங். கறை பட்டிருந்தால் ராங். தையல் விட்டிருந்தால் ராங். அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

பத்தொன்பது வருஷமாகப் பனியனுக்குத்தான் சொல்லியிருக்கிறாள். மனுஷருக்குச் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்குக்கூட. அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது, அது வேறு கதை.

"மேடம், ராங்."

குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏனம்மணி, உனக்கென்ன கிறுக்கா? சும்மா இரம்மணி!" மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு சிவப்பு அம்பை உரித்தாள். அட்டையில் அந்த மீடியம் வரிசை மேலேயே ஒட்டினாள். பனியனின் கழுத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினாள்.

லார்ஜ் என்ற எழுத்தை விரலால் தட்டினாள்.

மேடம் குனிந்தாள். டேப்பை மறுபடி எடுத்தாள். அளந்தாள்.

பிறகு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! இன்னொரு அம்பை வாங்கித் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு, "ராங்!" என்றாள்.

நாற்பது பெண்களும் கைதட்டினார்கள். ஒருத்தி விசில்கூட அடித்தாள்.

அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேடம் மேனேஜர் பக்கம் திரும்பி, அவளைக் கைகாட்டிப் பெயர் என்னவென்று கேட்டாள்.

மேனேஜர் வாயைத் திறந்தார்.

இதுவரை அவர் அவளைக் கூப்பிட்டதெல்லாம் அம்மணி என்றுதான்.

"கருணாம்பிகைங்க சார்" என்றாள், அவரைப் பார்த்து.