ஆ-துங் மாட்டிய சக்கரம்

“என் பையனுக்குக் குழி வெட்டினவன் நீதானே?”

லி-ஜூ பைக்கை ஆ-துங்கின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். மகன் ஜுன்-லியாங் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு தெரு தூரம் தானே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். விடிகாலையிலிருந்து சோயாப் பால் காய்ச்சி விற்ற கையில் இப்போது கறுப்புக் கிரீஸ். அது உடம்பில் படாமல் கையைத் தள்ளியே வைத்திருந்தாள்.

ஆ-துங் வாய் நிறையப் பாக்கு. பதில் சொல்வதற்கு முன் காகிதக் கோப்பையில் சிவப்பாகத் துப்பினான். கோப்பை ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை ஒட்டியே பாதி தின்ற சோற்றுப் பெட்டி, அதன் மேல் ஈ. மெய்னோங் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் இவனைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள், கண்றாவி!

“உக்காருங்க அக்கா,” என்று முக்காலியை நகர்த்தினான்.

“சீ! அதுல மனுஷன் உக்காருவானா? செயினுக்கு ஏதோ சின்னச் சக்கரம் மாட்டி விட்டியே, அத மொதல்ல கழட்டு. பழசைப் போடு.”

என்ஜின் பக்கத்தில் செயினை இழுக்கிற பல்சக்கரத்தைத்தான் சொன்னாள். பல் குறைந்தால் பிக்கப் எகிறும், தொட்டதும் வண்டி பாயும் என்று ஜுன்-லியாங் ஒரு மாதமாக வீட்டில் இதையே ஜபித்துக்கொண்டிருந்தான். போன வாரம் இங்கே வந்து மாட்டியும் விட்டான்.

மலைப்பாதையில் ஏழாவது வளைவு என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் இரண்டு பையன்கள் அங்கேதான் விழுந்து போய்ச் சேர்ந்தார்கள். இன்று மூன்று மணிக்கு அதே பாதையில் ஜுன்-லியாங்கின் கூட்டம் பந்தயம் விடப்போகிறது. லி-ஜூவுக்கு இருப்பது ஒரே பிள்ளை.

“மூணு மணிக்குள்ள கழட்டு. இல்ல, உன் பட்டறையக் கொளுத்திடுவேன்.”

ஆ-துங் வாயைத் திறப்பதற்குள் ஈரத் தலையோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஜுன்-லியாங் ஓடிவந்தான்.

“அம்மா! தெருவுல என் மானத்த வாங்குறியே!” என்று கத்தினவன், ஆ-துங்கைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “அண்ணே, வண்டி பிச்சிக்கிட்டுப் போகுது! முன்னாடி நூத்துப் பதினஞ்சத் தொட பெரிய பாலம் வரைக்கும் முறுக்கணும். இப்ப பாதி வழில மண்சாமி கோயில் தாண்டுறதுக்குள்ள ஸ்பீடாமீட்டர் முள்ளு அங்க நிக்குது. என்ன, கியருதான் போட்டதும் தீர்ந்து போயிடுது.”

“அது அப்படித்தான்டா,” என்றான் ஆ-துங்.

லி-ஜூ வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். “என் மேல ஏத்திட்டுப் போ.”

“விடுங்க அக்கா. போயிட்டு வரட்டும்.” கிரீஸ் கையாலேயே அவள் தோளைப் பிடித்து ஒதுக்கினான் ஆ-துங். அந்த இடைவெளி போதுமே! பையன் உதைத்துக் கிளப்பிப் பறந்துவிட்டான்.

தெருவில் எச்சில் துப்புகிறவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் லி-ஜூ. அவளே அன்று அவன் வாசலில் காறித் துப்பினாள்.

“மனுஷனாடா நீ? தூ!”

ஆ-துங் வண்டிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு பாக்கைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

“அவன் ஒரு பல்லுதான் குறைக்கச் சொன்னான். நான் மூணு குறைச்சேன்.”

“அடப்பாவி!”

“முழுசாக் கேளுங்க. பல்லு குறைஞ்சா கிளம்பும்போது பாயும், வாஸ்தவம். ஆனா வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும். இனிமே என்ஜின் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த வண்டி தொண்ணூத்தி ரெண்டத் தாண்டாது.”

“யார் காதுல பூ சுத்துற? முள்ளு நூத்துப் பதினஞ்சு காட்டுறத வீடியோ எடுத்து எனக்கே காட்டினான்.”

“முள்ளு ரோட்டையா பாக்குது? இந்த வண்டில அது என்ஜினுக்குள்ள சுத்துற தண்டைப் பாத்துதான் காட்டும். வெளிய பல்லு குறைஞ்சது அதுக்கு எப்படித் தெரியும்? பழையபடி நூத்துப் பதினஞ்சுன்னுதான் சொல்லும். இவனும் குளுந்து போயிடுவான்.”

லி-ஜூ விடுவதாக இல்லை. “கூட வர்றவனுங்க முந்திட்டுப் போனா கண்டுபிடிச்சிட மாட்டானா?”

“கூட வர்ற அஞ்சு பேருக்கும் நான்தான் மாட்டினேன். எல்லா வண்டிலயும் இதே வேலைதான்.”

ஆ-துங் மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைக் காட்டினான்.

“போன மாசம் அந்த ரெண்டு வண்டியையும் இங்கதான் கொண்டாந்து போட்டாங்க. செயின்ல ஒட்டிக்கிட்டிருந்ததையெல்லாம் நான்தான் கழுவினேன். நெனச்சாலே கொமட்டுது அக்கா, இன்னும் சோறு இறங்கல. புத்தி சொன்னா இவனுங்க கேக்கவா போறானுங்க? வேற பட்டறைக்குப் போயிடுவானுங்க.”

தூரத்தில் மலைப்பக்கம் என்ஜின் ஒன்று உயிரைக் கொடுத்துக் கத்துவது கேட்டது. லி-ஜூ அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தாள்.

“தம்பி, இன்னும் ரெண்டு பல்லு குறைக்க முடியாதா?”