ஏழாம் இருக்கையின் பெயர்ப்பலகை

எங்கள் நகர மன்றத்தில் உறுப்பினர்கள் வந்ததும் மேசையில் படுத்திருக்கும் தம் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைப்பார்கள். கிளம்பும்போது படுக்க வைப்பார்கள். நிமிர்ந்திருப்பவற்றை எண்ணிச் சொல்வது, மன்றச் செயலாளரான என் வேலை. ஏழாம் இருக்கை என் கணவர் கென்சாகுவுடையது. நாலே கால் பேருந்தைப் பிடிக்க, எல்லோருக்கும் முன்பே பலகையைப் படுக்க வைத்துவிட்டு ஓடுவார். மார்ச்சில் இறந்துபோனார்; பலகையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

இன்று அந்தப் பேருந்தையே நிறுத்தும் தீர்மானம். எங்கள் மகள் சயோ பள்ளிக்குப் போய்வர வேறு வழியில்லை. பத்து உறுப்பினர்கள், ஐந்துக்கு ஐந்து. சமமானால் தலைவர் குராமோச்சியின் வாக்கு. அவர் நிறுத்தத்தான் சொல்வார்.

"எத்தனை பேரும்மா?" என்றார் தலைவர்.

"பதினொன்னுங்க."

ஏழாம் பலகை நிமிர்ந்திருந்தது.

"யாருப்பா இந்த விளையாட்டு? படுக்க வைங்கம்மா அதை."

எனக்குக் கை வரவில்லை.

ஆதரவுக்கு வெள்ளைச் சீட்டு, எதிர்ப்புக்கு நீலம். பெட்டியைக் கவிழ்த்தேன். வெள்ளை ஐந்து, நீலம் ஆறு. மறுபடி போடச் சொன்னார். அதே ஆறு. மூன்றாம் முறை தலைவரே எண்ணினார், கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடிட்டுப் போகட்டும், விடுங்கப்பா!"

திரும்பிப் பார்த்தேன். ஏழாம் பலகை படுத்திருந்தது.

ஜன்னலுக்குக் கீழே நாலே கால் பேருந்து வந்து நின்றது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தார். ஒருவர் ஏறி உட்காரும் நேரம் காத்திருந்துவிட்டு மூடினார்.